இதயத்தை அளந்தவர்கள் – 14: கடலுக்குப் போட்ட கணக்கு

சென்ற வாரம் லாட்டர்பரோடு நிறுத்தினோம். 1973-ல் காந்தத்துக்குள் இரண்டு மெல்லிய நீர்க்குழாய்களை வைத்து, அவற்றின் குறுக்குவெட்டைப் படமாக வரைந்து காட்டினார் அவர். அடுத்த பத்தே ஆண்டுகளில் மனித மூளையைக் காட்டும் ஸ்கேனர்கள் மருத்துவமனைகளுக்கு வந்துவிட்டன.

ஆனால் இந்தத் தொடர் துரத்துவது படத்தை அல்ல. ஒரு துடிப்புக்கு இதயம் எவ்வளவு ரத்தத்தை வெளியே தள்ளுகிறது? 1628-ல் ஹார்வி கேட்ட கேள்வி இது. 1870-ல் வூர்ஸ்பர்க் நகரில் ஃபிக் அதற்கு ஒரு சூத்திரம் கொடுத்தார். 1929-ல் ஃபோர்ஸ்மான் தன் கைச் சிரை வழியாகத் தன் இதயத்துக்கே ஒரு குழாயைச் செலுத்தி, அந்தச் சூத்திரத்தை நோயாளியின் படுக்கைக்குக் கொண்டுவரும் கதவைத் திறந்தார். அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு நிலைமை மாறவில்லை. நம்பகமான எண் வேண்டுமென்றால் உடலுக்குள் கதீட்டர் போயாக வேண்டும்.

குழாயும் இல்லாமல் ஊசியும் இல்லாமல் அந்த எண்ணைத் தந்தது எம்.ஆர்.ஐ. லண்டனில் அது நடந்தது 1980களில். அதன் வேர் அதற்கு முப்பது ஆண்டுகள் முன்னால் நம் பக்கத்து ஊரில் இருக்கிறது.

*

பெங்களூரு, 1951

எம்.ஆர்.ஐ.க்கு அடிப்படையான அணுக்கரு காந்த ஒத்ததிர்வு அப்போது ஐந்து வயதுக் குழந்தை. 1946-ல்தான் ஹார்வர்டில் பர்செல் குழுவும் ஸ்டான்ஃபோர்டில் பிளாக் குழுவும் அதைத் தனித்தனியே கண்டு சொல்லியிருந்தன. உலகில் சில ஆய்வகங்களில் மட்டுமே அந்தக் கருவி இருந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் அவற்றில் ஒன்று.

அங்கே ஜி. சூர்யன் ஒரு எளிய கேள்வியைக் கேட்டார். எல்லோரும் அசையாத திரவத்தை வைத்துத்தான் சோதிக்கிறார்கள். அதே திரவம் ஓடினால் என்ன ஆகும்?

காந்தத்துக்குள் இருக்கும் நீரின் மீது ரேடியோ அலையைத் தொடர்ந்து பாய்ச்சினால், அதிலுள்ள புரோட்டான்கள் கொஞ்ச நேரத்தில் தெவிட்டிப் போகும். அதற்கு மேல் அவை ஆற்றலை வாங்கிக்கொள்வதில்லை, சைகை மங்கிவிடும். நீர் ஓடிக்கொண்டிருந்தால் கதை வேறு. தெவிட்டிய நீர் வெளியேறுகிறது. அந்த இடத்துக்குப் புதிய நீர் வருகிறது. சைகை உயர்கிறது. வேகம் மாறினால் சைகையும் மாறுகிறது.

‘ஓடும் திரவங்களில் அணுக்கரு ஒத்ததிர்வு’ என்ற பொருளில் அவர் எழுதிய கட்டுரை 1951-ல் இந்திய அறிவியல் அகாதெமியின் ஆய்விதழில் வந்தது. காந்த ஒத்ததிர்வால் ஓட்டத்தை அளந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் பலரும் முதல் வரியில் வைப்பது சூர்யனின் பெயரை. நம் பாடப்புத்தகங்களில் அந்தப் பெயர் இல்லாதது எனக்கு வருத்தம்தான்.

*

ஒரே வளாகத்தில் இரண்டு கட்டுரைகள்

எட்டு ஆண்டுகள் கழித்து, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம்.

அங்கே ஜே. ஆர். சிங்கர் ஓர் எலியின் வாலைக் காந்தத்துக்குள் வைத்தார். எலியின் வாலில் ரத்தம் ஓடுகிறது. வால் மெல்லியது, அன்றைய காந்தங்களின் குறுகிய இடைவெளியில் அது அடங்கும். புதிதாக வந்து சேரும் ரத்தம் சைகையை எப்படி மாற்றுகிறது என்று கணித்து, 1959-ல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார். உயிருள்ள உடலின் ரத்த ஓட்டம் முதன்முறையாக இந்த முறையில் அளக்கப்பட்டது. அடிப்படை, சூர்யன் பார்த்த அதே விளைவு.

அடுத்த ஆண்டே, அதே வளாகத்தின் இயற்பியல் துறையிலிருந்து இன்னொரு கட்டுரை வந்தது. எழுதியவர் எர்வின் ஹான். 1950-ல் ‘ஸ்பின் எக்கோ’ என்ற காந்த ஒத்ததிர்வு எதிரொலியைக் கண்டு சொல்லி உலகப் புகழ் பெற்றவர். போர்க்காலத்தில் அமெரிக்கக் கடற்படையில் ரேடாரும் சோனாரும் சொல்லிக்கொடுத்தவர். 1960-ல் அவர் எழுதிய கட்டுரை வெளிவந்த இதழ் புவி இயற்பியலுக்கானது. பொருள், கடல்நீரின் ஓட்டத்தை அணுக்கருச் சுழற்சியால் கண்டறிவது.

இதய மருத்துவர் யாரும் புரட்டிப் பார்க்காத இதழ் அது. ஆனால் இன்று உலகெங்கும் இதய ஸ்கேன்களில் ஓடுகிற கணக்கு அந்தப் பக்கங்களில்தான் பிறந்தது.

சிங்கரின் முறைக்கும் ஹானின் யோசனைக்கும் உள்ள வேறுபாடு முக்கியம். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

சூர்யனும் சிங்கரும் பார்த்தது சைகையின் பலத்தை. பலத்தை மாற்றப் பல காரணங்கள் உண்டு. வேகம் அவற்றில் ஒன்று மட்டுமே. ஹான் பார்க்கச் சொன்னது பலத்தை அல்ல, கோணத்தை. காந்தப்புலத்தில் ஒவ்வொரு புரோட்டானும் பம்பரம்போல் தலைசுற்றி வருகிறது. புலம் வலுவானால் வேகமாகச் சுற்றும், தளர்ந்தால் மெதுவாகச் சுற்றும். ஒரு குறிப்பிட்ட கணத்தில் அது எந்தத் திசையைக் காட்டி நிற்கிறது என்பதே கோணம்.

ஒரு நீண்ட தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். கிழக்கே போகப் போகக் கைக்கடிகாரம் வேகமாக ஓடும், மேற்கே போகப் போக மெதுவாக. ஒரு மணி நேரம் இப்படி. அடுத்த ஒரு மணி நேரம் அப்படியே தலைகீழ். தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே இருந்தவருக்கு, முதல் மணியில் சேர்ந்த பிழையை இரண்டாம் மணி சரிக்கட்டிவிடும். அவர் கடிகாரம் சரியான நேரம் காட்டும். தெருவில் நடந்துகொண்டிருந்தவருக்கு அந்தக் கணக்கு நேராகாது. அவர் எவ்வளவு வேகமாக நடந்தாரோ அவ்வளவு பிழை. கிழக்கே நடந்தாரா, மேற்கே நடந்தாரா என்பதையும் அந்தப் பிழையே சொல்லிவிடும்.

காந்தப்புலத்தில் ஒரு சரிவை உண்டாக்கி, பிறகு அதே அளவு எதிர்ச்சரிவைக் கொடுப்பது இதேதான். அசையாத நீரின் கோணம் பழைய இடத்துக்குத் திரும்பிவிடுகிறது. ஓடும் நீரின் கோணம் திரும்புவதில்லை. மிஞ்சி நிற்கும் கோணம் வேகத்துக்கு நேர்விகிதம்.

எண்ணிலும் பார்த்துவிடலாம். மீட்டருக்கு 10 மில்லிடெஸ்லா வீதம் ஏறும் சரிவு ஒரு மில்லிநொடி, எதிர்ச்சரிவு ஒரு மில்லிநொடி. விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் போகும் ரத்தம் அந்த நேரத்தில் நகர்வது வெறும் 2 மில்லிமீட்டர். அதற்குள் அதன் கோணம் சுமார் 153 டிகிரி விலகியிருக்கும். பாதி வேகத்தில் போனால் பாதிக் கோணம். எதிர்த்திசையில் போனால் விலகலும் எதிர்ப்பக்கம்.

எலி வாலைப் போல இது மறைமுகமான அடையாளம் அல்ல. நேரான அளவுகோல்.

*

இருபது ஆண்டுத் தாமதம்

அப்படியானால் 1960-லேயே இதயத்தை அளந்திருக்கலாமே? முடியவில்லை.

யோசனை முழுக்கத் தூங்கிவிடவும் இல்லை. பெர்க்லியிலேயே குரோவரும் சிங்கரும் 1971-ல் ஸ்பின் எக்கோவைக் கொண்டு ஓட்டத்தை அளந்து எழுதினார்கள். ஆனால் அந்தக் காலத்துக் கருவி, குழாய்க்குள் இருக்கும் திரவம் மொத்தத்துக்கும் சேர்த்தே பதில் சொன்னது. விரலுக்கோ வாலுக்கோ அது போதும். மார்புக்குள் பெருந்தமனி மேலே ஏறுகிறது, வளைகிறது, முதுகெலும்பின் ஓரமாகக் கீழே இறங்குகிறது. பக்கத்திலேயே நுரையீரல் தமனி. அவற்றை ஒட்டிப் பெருஞ்சிரைகள். எல்லாவற்றின் கோணங்களையும் ஒன்றாகக் கூட்டினால் மேலே போனதும் கீழே வந்ததும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும்.

எந்தக் கோணம் எந்த இடத்தினுடையது என்று பிரித்துச் சொல்ல ஒரு படம் தேவைப்பட்டது. அதற்காகத்தான் ஹானின் கணக்கு லாட்டர்பருக்காகக் காத்திருந்தது.

1982-ல் இரண்டையும் முடிச்சுப் போட்டவர் அமெரிக்காவின் பால் மோரன். படமெடுக்கும் வரிசைக்கு நடுவே வேகத்தைப் பதியும் சரிவுகளைச் செருகிவிட்டால், படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் வேகமும் எழுதப்பட்டு வரும் என்று அவர் காட்டினார். காகிதத்தில் வழி தெளிவாகிவிட்டது.

*

லண்டன்: அறுவை மருத்துவரும் இயற்பியலாளரும்

1968 மே 3. லண்டன் தேசிய இதய மருத்துவமனையில் பிரிட்டனின் முதல் இதய மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. டொனால்ட் ராஸ் தலைமையிலான அந்தக் குழுவில் டொனால்ட் லாங்மோர் என்ற அறுவை மருத்துவரும் இருந்தார். அந்த நோயாளி ஆறு வாரங்களுக்குச் சற்று மேல் உயிர் வாழ்ந்தார்.

1980களின் தொடக்கத்தில் அதே லாங்மோர், தேசிய இதய, மார்பு மருத்துவமனைகளில் இதயத்துக்கென்றே ஒரு காந்த ஒத்ததிர்வுப் பிரிவை உருவாக்கினார். உலகில் அப்படி இதயத்துக்கென ஒதுக்கப்பட்ட முதல் பிரிவுகளில் அது ஒன்று. காந்தத்தின் வலிமை 0.5 டெஸ்லா. அதற்குள் ஒரு புரோட்டான் விநாடிக்கு ஏறத்தாழ 2 கோடியே 13 லட்சம் முறை சுற்றும். அவரோடு சேர்ந்து உழைத்த இயற்பியலாளர் டேவிட் ஃபிர்மின்.

ஒரு அறுவை மருத்துவர் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததில்தான் திருப்பம் இருக்கிறது என்று நினைக்கிறேன். இயற்பியலாளருக்கு, படத்தில் வேகம் தெரிந்தாலே வெற்றி. வால்வு எவ்வளவு கசிகிறது, ஓட்டை வழியாக எவ்வளவு திரும்புகிறது, இந்த நோயாளியை இப்போதே திறக்க வேண்டுமா என்று கேட்பவருக்கு எண் வேண்டும். அதுவும் தவறாத எண்.

*

கழித்தல்

தவறாத எண் கிடைக்காமல் தடுத்தது கோணத்தின் அழுக்கு.

கோணத்தை விலக்குவது வேகம் மட்டும் அல்ல. எந்தக் காந்தமும் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்காது. நோயாளியின் உடலே புலத்தை வளைக்கிறது. நுரையீரலின் காற்றும் இதயத்தின் சதையும் சந்திக்கும் ஓரத்தில் அந்த வளைவு அதிகம். ரேடியோ சுருளும் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கிறது. விளைவு, சும்மா கிடக்கும் கல்லீரல்கூட ஓடுவதுபோல் கோணம் காட்டும். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு ஒருவர் மார்பைத் திறக்க முடியுமா?

1984-ல் பிரையன்ட், பெய்ன், ஃபிர்மின், லாங்மோர் ஆகிய நால்வரும் வெளியிட்ட கட்டுரை இதற்கு முடிவு கட்டியது. ஒரே இடத்தை இரண்டு முறை எடுங்கள். ஒரு முறை வேகத்தைப் பதியும் சரிவுத் துடிப்போடு, இன்னொரு முறை அந்தத் துடிப்பை மட்டும் மாற்றி. மற்ற எல்லாம் அச்சு அசலாக அப்படியே இருக்கட்டும். பிறகு புள்ளிக்குப் புள்ளி ஒரு கோணத்திலிருந்து இன்னொன்றைக் கழியுங்கள்.

காந்தத்தின் குறை இரண்டிலும் ஒன்றுதான். உடல் உண்டாக்கும் வளைவும் ஒன்றுதான். சுருளின் பங்கும் அப்படியே. கழித்தவுடன் மூன்றும் போய்விடுகின்றன. எது மாறியதோ அது மட்டும் மிஞ்சுகிறது. வேகம்.

பள்ளிக்கூடத்துக் கழித்தல் கணக்குதான். ஆனால் அதற்கு முன் கோணப்படம் சந்தேகத்துக்குரியது, அதற்குப் பின் அது அளவுகோல்.

அதே ஆண்டு, அதே ஆய்விதழில், நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த வான் டெய்க்கும் இதயச் சுவரின் வேகத்தையும் ரத்தத்தின் வேகத்தையும் படமாக்கிக் காட்டினார். இரண்டு நாடுகளில் ஒரே வேளையில் பழுத்துவிட்ட யோசனை அது.

*

வெள்ளையாக ஏறி, கறுப்பாக இறங்கி

நகரும் இதயத்தை எப்படிப் படமெடுப்பது? ஈ.சி.ஜி.தான் வழிகாட்டி. மார்பில் ஒட்டிய மின்முனைகள் ஒவ்வொரு துடிப்பின் கூர்முனையையும் கருவிக்குத் தெரிவிக்கும். அந்த முனையிலிருந்து எண்ணி, துடிப்பின் ஒரே கட்டத்தில், ஒரு துடிப்புக்கு ஒரு வரியாகப் படம் சேரும். 128 வரிகள் கொண்ட படமென்றால் 128 துடிப்புகள். கழிப்பதற்கு இன்னொரு படம், இன்னொரு 128. நோயாளி நான்கு நிமிடம் போல அசையாமல் படுத்திருக்க வேண்டும்.

1986-ல் நெய்லர், ஃபிர்மின், லாங்மோர் மூவரும் இதைத் திரைப்படமாகவே ஆக்கினார்கள். பல துடிப்புகளிலிருந்து சேர்த்த வரிகளைக் கொண்டு, ஒரு துடிப்பைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை அடுத்தடுத்த சட்டங்களாக ஓட்டிக் காட்டும் முறை.

அந்தப் படத்தை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். மார்பின் குறுக்குவெட்டு. அசையாத தசை எல்லாம் ஒரே சாம்பல் நிறம். நுரையீரல் இருக்கும் இடத்தில் சைகையே கிடையாது, அங்கே வெறும் இரைச்சல், கறுப்பும் வெள்ளையுமாகப் பொடிப்புள்ளிகள். நடுவே இரண்டு வட்டங்கள். இதயம் சுருங்கத் தொடங்கியதும் முன்னால் உள்ள வட்டம் பளீரென்று வெளுக்கிறது. மேலே ஏறும் பெருந்தமனி அது. அடுத்த சட்டத்தில் முதுகெலும்பின் ஓரத்து வட்டம் கறுக்கிறது. அதே துடிப்பின் உந்தல், வளைவைச் சுற்றிவந்து, அங்குள்ள ரத்தத்தைக் கீழே தள்ளுகிறது. துடிப்பு முடியும்போது இரண்டும் சாம்பலுக்குத் திரும்புகின்றன.

இந்த நிறம் ஒவ்வொன்றும் ஓர் எண். பெருந்தமனியைச் சுற்றி ஒரு கோடு வரைந்தால் உள்ளே உள்ள பரப்பு கிடைக்கும். 7 சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணத்தில் உள்ளே சராசரி வேகம் விநாடிக்கு 50 செ.மீ. என்றால், ஓட்டம் விநாடிக்கு 350 மில்லிலிட்டர். இப்படி எல்லாச் சட்டங்களையும் கூட்டினால் ஒரு துடிப்பில் வெளியேறிய ரத்தம், ஆரோக்கியமான பெரியவருக்கு 70 மில்லிலிட்டர் அளவில், கையில் வந்துவிடும்.

ஹார்வி கேட்ட எண் இதுதான். ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல்.

*

இதயமே சாட்சி

புதிய அளவுகோலைச் சரிபார்க்க எதனோடு ஒப்பிடுவது? கதீட்டர் முறைகளுக்கும் தங்கள் பிழைகள் உண்டு. லண்டன் குழு இதயத்தையே சாட்சிக்கு அழைத்தது.

இதயத்தின் வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த இரண்டு பம்புகள். வலப்பக்கம் நுரையீரலுக்கு அனுப்புவதும் இடப்பக்கம் உடலுக்கு அனுப்புவதும், ஆரோக்கியமானவருக்கு, ஏறத்தாழ ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் சில நிமிடங்களில் நுரையீரல் நிரம்பி வழியும். ஆகவே இரண்டு தமனிகளையும் தனித்தனியே அளக்கலாம். இடது கீழறை விரிந்தபோது எவ்வளவு கொள்கிறது, சுருங்கியபோது எவ்வளவு மிச்சம் என்று சாதாரண எம்.ஆர்.ஐ. படத்திலிருந்து மூன்றாவது எண்ணையும் எடுக்கலாம். இந்த எண்கள் ஒத்துப்போக வேண்டும்.

1987-ல் ஃபிர்மினும் சக ஆய்வாளர்களும் உயிருள்ள மனிதர்களிடம் செய்த சரிபார்ப்பை வெளியிட்டார்கள். எண்கள் ஒத்துப்போயின.

(இதில் ஒரு நுணுக்கம். பெருந்தமனி கிளம்பிய உடனேயே இதயத் தமனிகள் பிரிந்துவிடுகின்றன. ஓய்வில் இருக்கும்போது இதயம் தனக்கென எடுத்துக்கொள்ளும் அந்தப் பங்கு மொத்தத்தில் ஐந்து சதவீதம் அளவு. சற்று மேலே வெட்டி அளந்தால் அது கணக்கில் வராது.)

மருத்துவமனையில் இதன் விளைவு உடனே தெரிந்தது. இதய மேலறைகளுக்கு நடுவே ஓட்டையோடு பிறந்த குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். நுரையீரலுக்குப் போகும் ரத்தம் உடலுக்குப் போவதைப்போல் எத்தனை மடங்கு என்பதைப் பொறுத்தே ஓட்டையை அடைப்பதா, காத்திருப்பதா என்று முடிவாகும். முன்பு தொடை வழியே கதீட்டரைச் செலுத்தி, அறைக்கு அறை ரத்தம் எடுத்து, ஆக்சிஜன் அளவைப் பார்க்க வேண்டியிருந்தது. இப்போது இரண்டு குறுக்குவெட்டுகள், ஒரு வகுத்தல். கசியும் வால்வுக்கும் அப்படித்தான். இதயம் விரியும் நேரத்தில் பெருந்தமனி வெள்ளையிலிருந்து கறுப்புக்கு மாறினால், திரும்பி வழிவது எத்தனை மில்லிலிட்டர் என்று அந்தக் கறுப்பையே கூட்டிச் சொல்லிவிடலாம். உடலுக்குள் நுழையாமல் கசிவின் அளவை இவ்வளவு நேராகச் சொன்ன முறை அதற்கு முன் இல்லை.

*

படம் இருண்ட இடம்

பிறகு லண்டன் குழுவினர் குறுகிப்போன வால்வுகளைப் பார்த்தார்கள்.

வால்வு குறுகினால் ரத்தம் பீய்ச்சி அடிக்கும். சாதாரணமாக விநாடிக்கு ஒன்று, ஒன்றரை மீட்டர் இருக்கும் வேகம் நான்கைத் தாண்டும். அங்கே முதல் சிக்கல், கோணம். 180 டிகிரிக்கு மேல் விலகினால் அது எதிர்ப்பக்கத்துக் கோணமாகத் தெரியும். 190 டிகிரி முன்னோக்கிப் போனதும் 170 டிகிரி பின்னோக்கி வந்ததும் படத்தில் ஒன்றுதான். மிக வேகமாக முன்னே பாயும் ரத்தம் பின்னே ஓடுவதாகப் படம் பொய் சொல்லும். இதைச் சரிவின் வலிமையைக் குறைத்துச் சமாளிக்கலாம். குறைத்தால் மெதுவான ஓட்டத்தின் துல்லியம் போகும் என்றாலும், வழி உண்டு.

இரண்டாவது சிக்கலுக்கு அப்போது வழி தெரியவில்லை. பீய்ச்சலின் ஓரங்களில் ரத்தம் சுழன்று சிதறுகிறது. படத்தின் ஒரே புள்ளிக்குள் பல வேகங்கள், பல திசைகள். அவற்றின் கோணங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ரேடியோ துடிப்பைக் கொடுத்து, திரும்பி வரும் எதிரொலியைப் பிடிப்பதற்குள் எல்லாம் கலைந்துவிடுகிறது. சைகை இல்லை. எந்த இடத்தின் வேகம் மருத்துவருக்கு மிகவும் தேவையோ, அந்த இடம் படத்தில் வெறும் கறுப்பு.

இதே காலத்தில் நார்வேயின் ட்ரான்ட்ஹெய்ம் நகரில் லிவ் ஹாட்லெ, சக்கரம் வைத்த தள்ளுவண்டியில் அடங்கும் ஒரு டாப்ளர் அல்ட்ராசவுண்ட் கருவியை நோயாளியின் மார்பில் வைத்து, அதே பீய்ச்சலின் வேகத்தைச் சில நிமிடங்களில் சொல்லிவிட்டார். வேகத்தின் வர்க்கத்தை நான்கால் பெருக்கினால் வால்வின் இருபுறமும் உள்ள அழுத்த வேறுபாடு வந்துவிடும். விநாடிக்கு 4 மீட்டர் என்றால் 64 மி.மீ. பாதரசம். காந்தமும் வேண்டாம், 256 துடிப்புகளும் வேண்டாம்.

லண்டனின் அந்தப் பெரிய காந்தம், ஓட்டம் அமைதியாக இருக்கும் இடத்தில் மில்லிலிட்டர் சுத்தமாகக் கணக்குச் சொன்னது. நோய் முற்றிய இடத்தில் கண்ணை மூடிக்கொண்டது. எதிரொலி கலைவதற்குள் அதைப் பிடிக்க ஃபிர்மினின் குழுவால் முடியுமா? முடியாவிட்டால், தள்ளுவண்டியை விட்டுவிட்டு எந்த இதய மருத்துவர் காந்தத்தைத் தேடி வருவார்?

(தொடரும்)